ஆயிரத்து இருநூறு வாட்

ஆகஸ்டு 3, சனி

பிற்பகல் மூன்று மணியளவில் கிதியோனின் அறையிலிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடினேன் என்று எழுதுவது என் முழங்கால்களுக்கு நான் செய்யும் மரியாதை. மருமகள் எப்சிபா நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். அறையெங்கும் கருகல் நாற்றம்.

"ஒண்ணும் இல்ல அத்தை, பயப்படாதீங்க. எஸ்.எம்.பி.எஸ். போயிட்டு."

"உனக்கு ஒன்றும் இல்லையே?"

"எனக்கு என்ன? அதுக்குத்தான் ஆயுசு முடிஞ்சிட்டு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் சில சொற்களை நாங்கள் இருவரும் சுற்றிக்கொண்டுதான் போவோம். என் மகன் கிதியோன் டெங்குக் காய்ச்சலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்து வரும் ஐப்பசியோடு இரண்டு ஆண்டு.

இயந்திரம், அதாவது கணினி, அவன் கையால் பூட்டியது. உள்ளே நான்கு கிராபிக்ஸ் கார்டுகள். இன்னும் கட்டப்படாத வீடுகளின் சுவரில் காலை வெயில் எப்படி விழும் என்பதை எப்சி அதில் படமாக வரைந்து கட்டடக்காரர்களுக்குக் கொடுக்கிறாள். வாரநாட்களில் வண்ணார்பேட்டையில் அலுவலகம், பெண்கள் விடுதியில் வாசம். வெள்ளி மாலை இங்கே வந்து, ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்புவாள். இயந்திரம் இங்கே இருப்பதால் அவள் வருகிறாள்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. இயந்திரம் இங்கே இருப்பதால் அவள் வேலைக்காக வருகிறாள்.

ஆகஸ்டு 5, திங்கள்

புதியதைத் தேர்ந்து வாங்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். எப்சிக்கு அலுவலகத்தில் நேரமில்லை, எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. முப்பத்தோராண்டு கல்லூரியில் அகப்பாடல் நடத்தியவளுக்கு ஒரு பெட்டியைத் தேர்வது எம்மாத்திரம் என்று தொடங்கினேன். எம்மாத்திரமோ இருக்கிறது.

ஊரார் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்கிறார்கள். நான் மின்வழங்கி என்றே எழுதுவேன். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒவ்வோர் உறுப்புக்கும் அதனதன் அளவறிந்து பகிர்ந்தளிப்பது அதன் பணி. வீணாக்காமல் எவ்வளவு வழங்குகிறது என்பதைக் கொண்டு வெண்கலம், வெள்ளி, பொன், பிளாட்டினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பொன்னை அக்கினியில் இட்டுச் சோதிப்பதைப் பற்றி வேதத்தில் எத்தனை இடங்கள்! இங்கேயும் சூடுதான் சோதனை. எது குறைவாகச் சுடுகிறதோ அது உயர்ந்தது.

வண்ணார்பேட்டைக் கடைக்குத் தொலைபேசினேன்.

"எத்தனை கார்டு மேடம்?"

"நான்கு."

"நாலா! வீட்ல பையன் இருந்தா அவர்ட்ட கொஞ்சம் போனைக் குடுங்களேன்."

"அவன் இல்லை. என்னிடமே சொல்லலாம்."

அந்த மனிதர் பொறுமையாகத்தான் சொன்னார். பழையது ஆயிரத்து அறுநூறு வாட். எப்போதும் எல்லையைத் தொட்டே ஓடியிருக்கிறது. "ரெண்டாயிரம் போட்டுருங்க மேடம், பிறகு திரும்பிப் பாக்கவே வேண்டாம்."

ஆகஸ்டு 8, வியாழன்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். கையேடுகள் படித்தேன். வேறொன்றுமில்லை.

ஆகஸ்டு 10, சனி

உணவு மேசையில் எப்சியும் நானும் கணக்குப் போட்டோம். ஒரு கார்டு முந்நூற்றைம்பது வாட் உண்ணும். நான்குக்கு ஆயிரத்து நானூறு. நடுமூளை என்று நான் சொல்லும் பிராசசருக்கு இருநூற்றைம்பது. விசிறி முதலியவற்றுக்கு நூறு.

"இதுல ஒரு வம்பு இருக்கு அத்தை. நாலும் ஒரே நேரத்துல எகிறும். ஒரு நொடிக்குள்ள ரெண்டு பங்கு கேக்கும். அதைத் தாங்கணும்."

"பந்தியில் எல்லாரும் ஒரே சமயத்தில் சாம்பார் கேட்பதுபோல."

"ஆங், அதேதான். பரிமாறுத ஆளுக்குக் கை நடுங்கக் கூடாது."

சிரித்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் வேறெங்கோ பார்ப்பது வழக்கம். அது நல்ல சிரிப்பு, அதனால்தான்.

இரண்டாயிரம் வாட் என்றால் சுவரிலுள்ள சாதாரணச் சிறு மின்முனை தாங்காது. பதினைந்து ஆம்பியர் முனை வேண்டும். கிதியோன் தன் அறையின் குளிர்சாதனத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் முனையைத்தான் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தான். அவள் விடுதியில் அத்தகைய முனை இல்லை. கோயம்புத்தூர் வீட்டிலும் இல்லையாம்.

கோயம்புத்தூர் வீடு என்பது ஆல்வினின் வாடகை வீடு. அவர் அங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறார். நற்குணமுள்ளவர். ஜூலையில் நிச்சயம் ஆயிற்று, செப்டம்பர் பன்னிரண்டு திருமணம். இதுவரை இந்நாட்குறிப்பில் எழுத வாய்ப்பு அமையவில்லை.

"கல்யாணத்துக்குப் பெறகும் மாசம் ரெண்டு வாட்டி வந்துருவேன் அத்தை. இவ்வளவு பெரிய மிஷினு அங்க எப்படி ஓடும்? இங்கதான் சரி."

"இரண்டாயிரமே வாங்கிவிடுவோம்" என்றேன். சற்று விரைந்து சொல்லிவிட்டேன் போலும். அவள் தாளிலிருந்து தலை நிமிர்த்தாமல், "ஆமா அத்தை, அதுதான் சேஃப்" என்றாள்.

ஆகஸ்டு 12, திங்கள்

கடைக்காரர் இரண்டாயிரம் வாட்டுக்கு வகை மூன்று சொன்னார். அவசரம் வேண்டாம், ஆராய்ந்து சொல்கிறேன் என்றேன். பொருளைப் பற்றிய என் கவனத்தை அவர் மெச்சினார்.

ஆகஸ்டு 18, ஞாயிறு

இன்று முதல் ஓலை வாசித்தார்கள். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை ஆலயத்தில் அறிவித்து, இவ்விணைப்புக்குத் தடை எதையேனும் அறிந்தவர் சொல்லலாம் என்று குருவானவராகிய ஐயர் சபையைப் பார்த்துக் கேட்பது எங்கள் முறை. எப்சி கிதியோனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்தச் சபையில் சேர்ந்தவள். ஆகவே ஓலை இங்கேதான்.

"காலஞ்சென்ற கிதியோன் அவர்களின் விதவையாகிய எப்சிபா" என்று ஐயர் வாசித்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே பீடத்திலிருந்து அவ்விரு பெயர்களையும் அருகருகே வாசிக்கக் கேட்டேன். இன்றும் அருகருகேதான் வாசித்தார்.

தடை உண்டோ என்று கேட்டார். மின்விசிறிகள் சுழன்றன. பக்கத்திலிருந்த அண்டைவீட்டுத் தங்கபுஷ்பம் என் கையைப் பற்றினாள். எதற்காக? எனக்கு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை தேடச் சொன்னதே நான்தானே. சென்ற ஆண்டு ஐயரிடம் நானே போய்க் கேட்டேன். விதவை மருமகளுக்கு மறுவாழ்வு அமைத்துக்கொடுத்த ஒரு மாமியைப் பற்றி வேதத்தில் இருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் அதனை எடுத்துப் பேசினால் அழாதவர் இல்லை. அவள் அந்த மருமகளைப் பக்கத்து ஊருக்குக்கூட அனுப்பவில்லை என்பதை நான் ஒருபோதும் அழுத்திச் சொன்னதில்லை.

ஆகஸ்டு 20, செவ்வாய்

பெரிய மின்வழங்கி வருமுன் வயரிங் சரிதானா என்று பார்க்க இசக்கிமுத்துவை வரச்சொன்னேன். இந்த வீட்டுக்கு இருபது ஆண்டாக மின்வேலை பார்ப்பவர்.

"இது என்ன டீச்சர், கம்ப்யூட்டரா, மாவு மில்லா? ரெண்டாயிரம் வாட்டுங்கிய!"

"வேலை அப்படி."

அவர் முனையைச் சோதித்தார். தரையிணைப்புக் குழி வறண்டு கிடக்கிறதாம். "டெய்லி ஒரு வாளி தண்ணி ஊத்துங்க டீச்சர். எர்த்து காஞ்சா எல்லாம் காஞ்சிரும்."

பேச்சுவாக்கில் சொன்னேன். மருமகள் கோயம்புத்தூர் போகிறாள், அங்கே இதனை ஓட்ட இயலாது, ஆகையால் இயந்திரம் இங்கேதான் இருக்க வேண்டியிருக்கிறது என்று.

"ஏன் ஓட்ட முடியாது?"

"பதினைந்து ஆம்பியர் முனை இல்லை."

இசக்கிமுத்து ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கோயம்புத்தூர்ல வயர்மேனே இல்லையாக்கும்? மீட்டர்ல இருந்து ஒரு தனி லைன் இழுத்தா முடிஞ்சு. அரை நாள் வேலை. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா டீச்சர்?"

தேநீர் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அவர் குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

ஆகஸ்டு 21, புதன்

தெரியாமல் எப்படி இருக்கும்.

ஆகஸ்டு 22, வியாழன்

காலையில் குழிக்கு ஒரு வாளி நீர் ஊற்றினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும், "இங்கதான் சரி" என்றாள். அப்படியானால் இந்த மூன்று வாரமும் நான் அவளைப் பிடித்துவைத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருக்க, அவள் தன்னைத்தானே எனக்குப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். புதுமணப்பெண் ஒருத்தி மாதம் இருமுறை கணவனை விட்டுவிட்டு, முன்னாள் மாமியின் வீட்டில் ஒரு பெட்டியின் முன் வந்து உட்கார்வாள். ஏன் போகிறாய் என்று ஆல்வின் கேட்டால், வாட் கணக்கைச் சொல்வாள். அவர் இயற்பியல்காரர், ஒருநாள் தாமே கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

மகள் காதலனோடு பாலைவழி போய்விட்டாள் என்று தாய் இரங்கும் துறையை எத்தனை ஆண்டு நடத்தியிருக்கிறேன். அவள் ஆடிய பந்தைப் பார்த்து அழுவாள், நொச்சியைப் பார்த்து அழுவாள். பெற்றவளுக்கு இடம் உண்டு, வளர்த்த செவிலிக்கும் இடம் உண்டு. மருமகளை அனுப்பிவிட்டு நிற்கும் மாமிக்கு எந்தத் திணையிலும் ஒரு வரி இல்லை. முன்னோர் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இப்படி ஒருத்தி அழக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்டு 24, சனி

எப்சிக்கு அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வேலை. வரவில்லை. கடைக்காரரிடம் நெடுநேரம் பேசினேன். கார்டு ஒவ்வொன்றையும் இருநூற்றிருபது வாட்டுக்கு மேல் உண்ணாதபடி கட்டளையிட்டு நிறுத்தலாமாம். நான்கும் சேர்ந்து எண்ணூற்றெண்பது. நடுமூளையையும் சற்று அடக்கினால் மொத்தம் ஆயிரத்து நூறுக்குள் நிற்கும். வேகத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறையலாம், அவ்வளவே. அதற்கு ஆயிரத்து இருநூறு வாட் போதும்.

"சாதாரணச் சிறு முனையில் ஓடுமா?"

"தாராளமா ஓடும் மேடம். எந்த வீட்லயும் சொருகலாம். ஆனா நீங்க ரெண்டாயிரம்தான கேட்டிய?"

"கேட்டேன்."

ஆகஸ்டு 25, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை உண்டோ என்று ஐயர் கேட்டபோது தலை குனிந்து என் கைக்குட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு 26, திங்கள்

ஆயிரத்து இருநூறுக்குச் சொல்லிவிட்டேன். பிளாட்டினத் தரம். நான்கு கார்டுக்கும் இரண்டிரண்டாக எட்டு இணைப்பு வேண்டும். அந்த அளவில் எல்லா வகையிலும் எட்டு இராது, பார்த்துத்தான் சொன்னேன். பழையதைச் செய்த அதே நிறுவனம்.

பெரியதை வாங்கி, கோயம்புத்தூரில் தனி லைன் இழுக்கச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பெரியது இருந்தால் முனை இல்லை என்று அவளும் சொல்வாள், நானும் நம்புவேன்.

ஆகஸ்டு 31, சனி

நேற்று மாலை பெட்டி வந்தது, எப்சியும் வந்தாள். இன்று காலை ஜெபம் முடிந்ததும் பிரித்தாள். பிரித்தவள் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, கடைக்காரன் மாத்தி அனுப்பிட்டான்."

"இல்லை. நான் சொன்னதுதான்."

"ரெண்டாயிரம்னுலா பேசுனோம்!"

"இருநூற்றிருபதில் நிறுத்தி ஓட்டு. ஆயிரத்து நூறைத் தாண்டாது. சின்ன முனையே போதும்."

என்னையே பார்த்தாள். கண் சிவந்தது. "என்னைப் போயிருன்னு சொல்லுதீங்க."

"எப்சி..."

"எனக்கு இந்தக் கணக்கு தெரியாதா? அன்னைக்கே தெரியும். இங்க வாரதுக்கு எனக்கு ஒரு சாக்கு வேணும்லா அத்தை? என்னன்னு சொல்லிட்டு வருவேன்? செத்தவங்க வீட்டுக்கு எதுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவேன்?"

நாங்கள் சுற்றிக்கொண்டு போகும் சொல்லை அவள் நேராக மிதித்துவிட்டாள். எனக்கு வலித்தது. ஒருவிதத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

"சாக்கு இல்லாம வா" என்றேன். என் வாயிலிருந்து மேடைத்தமிழ் அல்லாத ஒன்று வந்ததில் அவளுக்கே வியப்பு. "வரணும்னு தோணும்போது வா, தோணாட்டா வராத. ரெண்டும் எனக்குச் சம்மதம்."

பின்னதைச் சொல்லும்போது நான் பொய் சொன்னேன். கர்த்தர் அறிவார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பழைய பெட்டியைக் கழற்றினாள். அதிலிருந்து கார்டுகளுக்குச் சென்ற கம்பிகள் அப்படியே உள்ளே நின்றன. அப்போதுதான் நான் கவனித்தேன். கம்பிகளைக் கிதியோன் பிளாஸ்டிக் பட்டையால் கட்டவில்லை, வெள்ளை நூலால் கட்டியிருக்கிறான். விரற்கடைக்கு ஒன்றாக, இழுத்து மடக்கிய முடிச்சு. பூக்கட்டும் முடிச்சு. பத்து வயதில் பெண்பிள்ளையாட்டம் என்று மற்றவர்கள் கேலி செய்ய, என் மடியோடு ஒட்டியமர்ந்து கற்றுக்கொண்டது.

"இந்தக் கட்டு அப்படியே இருக்கட்டும் அத்தை" என்றாள் எப்சி. "கம்பெனி ஒண்ணுதான. பழைய வயரையே புதுசுல சொருகிருவோம். சொருகுத வாய் கூட ஒண்ணுபோலத்தான் இருக்கு."

சொல்லும்போதே ஒன்றைச் செருகினாள். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இரண்டாவதையும் செருகினாள். எல்லாம் முடிந்து, சுவர் விசையை நோக்கிக் கை நீண்டது.

"போடாதே!"

கையைப் பிடித்துவிட்டேன். கையேட்டின் ஏழாம் பக்கம் எனக்கு மனப்பாடம். ஒரே நிறுவனமாயினும் ஒரு வகையின் கம்பியை மற்றொரு வகையில் இணைக்கலாகாது. வாய் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே ஊசிகளின் வரிசை வேறு. விசையைப் போட்டால் நான்கு கார்டும் கருகும். இதனை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள். அலுவலகத்தில் மற்றவர்க்குச் சொல்கிறவளும் அவள்தான்.

"தெரியும் அத்தை" என்றாள், மிக மெல்ல. "தெரியும்... முடிச்சைப் பாத்துட்டேன்."

தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆகவே நானே வெட்டினேன். முப்பத்தெட்டு முடிச்சுகள். நல்ல நூல், எளிதில் அறவில்லை. மதியத்துக்குள் புதிய கம்பிகளை எப்சி இட்டு முடித்தாள். பிளாஸ்டிக் பட்டை போதும் என்றாள், சரி என்றேன்.

நூல் துண்டுகளைக் கூட்டி வாரினேன். எங்கே போட்டேன் என்பதை எழுத வேண்டிய அவசியமில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

மூன்றாம் ஓலை. ஐயர் கேட்டார். தடை ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆல்வின் வேனோடு வந்தார். இயந்திரத்தைத் தூக்கிப் பார்த்து, "ஆன்ட்டி, இதுக்குள்ள கல்லு வச்சிருக்கீங்களா?" என்றார். எப்சி முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மெத்தையையும் இரண்டு போர்வையையும் சுற்றிக் கட்டி அனுப்பினோம். புறப்படும்போது ஆல்வின் ஜெபிக்கச் சொன்னார். நீளமாக ஜெபித்தேன், டிரைவர் இருமும்வரை.

இசக்கிமுத்து வந்து குளிர்சாதனத்தைத் திரும்ப மாட்டிக்கொடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்.

செப்டம்பர் 13, வெள்ளி

திருமணத்துக்குக் கோயம்புத்தூர் போய் வந்தேன். பேருந்தில் போக எட்டரை மணி நேரம். கால் வீங்கிவிட்டது. இதனை மாதம் இருமுறை ஒருத்தி செய்வாள் என்று நான் எண்ணியிருந்தேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

அவள் வெளிர்நீலச் சேலை உடுத்தியிருந்தாள். அழகாயிருந்தாள். புகைப்படம் எடுக்கும்போது பெற்றோர் வரிசையில் என்னை நிறுத்தினாள். ஆல்வினின் பெரியம்மா மட்டும் நான் யார் என்று கேட்டார்கள். "பாளையங்கோட்டை அத்தை" என்றாள் எப்சி. அது போதுமானதாயிருந்தது.

செப்டம்பர் 14, சனி

இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன். மிஞ்சியதைத் தங்கபுஷ்பத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

செப்டம்பர் 21, சனி

காலை பத்து மணிக்கு எப்சி அழைத்தாள்.

"அத்தை, நாலும் ஓடுது! சமையக்கட்டுச் சுவத்துல சின்ன பாயிண்ட்லதான். ஆயிரத்து அறுபது வாட். தாண்டவே இல்ல."

"சூடு?"

"எழுபது டிகிரிதான். நீங்க சாப்ட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"இனிமேதான். அத்தை, இந்தாங்க, கேளுங்க."

பேசியை இயந்திரத்தினருகே வைத்தாள் போலும். நான்கு கார்டின் விசிறிகளும் சேர்ந்து சுழலும் ஒலி. ஆலயத்தில் பாட்டு தொடங்குமுன் ஆர்மோனியத்தில் துருத்தி நிறையும் ஓசை போல. இரண்டாண்டுக் காலம் சனிக்கிழமைதோறும் நான் அரிசி களைந்ததும், வேதம் வாசித்ததும், கண்ணயர்ந்ததும் இதனடியில்தான். கிதியோன் இருந்த நாளிலும் இதனடியில்தான். இரைச்சலாயிருக்கிறது, கதவைச் சாத்து என்று அவனைப் பலமுறை கடிந்திருக்கிறேன்.

அங்கே ஆல்வினின் குரல் ஏதோ கேட்டது. "இந்தா வாரேன்" என்றாள் எப்சி. காலடி நகர்ந்து போயிற்று. ஒரு பாத்திரம் உருண்டது, இருவரும் சிரித்தார்கள். பேசியை எடுக்க மறந்துவிட்டாள்.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் பேசியில் மின்னூட்டம் தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.